ஒரு மதிப்பெண்ணின் எடை என்ன?



கல்லூரி திறந்த முதல் மாதத்தில் எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். முதலாண்டு மாணவர் ஒருவரிடம் ஒரு செம்புக் கம்பியையும் ஒரு திருகு அளவியையும் கொடுத்து, கம்பியின் விட்டத்தை அளக்கச் சொல்வேன். அவர் அளப்பார். 0.52 மில்லிமீட்டர். எழுதிவிட்டு நிமிர்வார். "இன்னொரு முறை அளந்து பாருங்கள்" என்பேன். இம்முறை 0.53 வரும். மூன்றாம் முறை 0.51. மாணவரின் முகம் வாடிவிடும். "முதலில் சரியாகத்தான் சார் வந்தது. பிறகு தப்பாகிவிட்டது" என்பார்.

தப்பு எதுவும் நடக்கவில்லை. கம்பி எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை. திருகை ஒரு முறை சற்று இறுக்குகிறோம். மறுமுறை சற்றுத் தளர விடுகிறோம். ஆகவே அளக்கும்போதெல்லாம் விடை கொஞ்சம் மாறத்தான் செய்யும். பல முறை அளந்து, சராசரி எடுத்து, 0.52 ± 0.01 மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். "உண்மையான அளவு இதற்குச் சற்று மேலேயோ கீழேயோ இருக்கலாம்" என்று அளந்தவர் நேர்மையாக ஒப்புக்கொள்ளும் குறிதான் அந்தக் கூட்டல் கழித்தல் குறி. அது இல்லாத ரிக்கார்டு நோட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இந்தக் கம்பியின் கதையை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களில் சிலர் வேறு பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு எழுதப் போகிறீர்கள். சிலருடைய தம்பியோ தங்கையோ எழுதப் போகிறார்கள். நுழைவுத் தேர்வும் ஓர் அளவிதான். அது கம்பியை அளப்பதில்லை, உங்களை அளக்கிறது. ஆனால் முடிவு வரும்போது மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி இருக்கிறதா? இருப்பதில்லை!

இதில் எனக்கே ஓர் அனுபவம் உண்டு. ஐந்தாம் வகுப்பு முடித்த ஆண்டு, ஒரு விடுதிப் பள்ளியில் சேர்வதற்காக நுழைவுத் தேர்வு எழுதினேன். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் என் எண் இல்லை. விசாரித்தபோது, இரண்டு மதிப்பெண் குறைவு என்றார்கள். திரும்பும் வழியில் பேருந்து நிலையத்தில் அப்பா கடலை மிட்டாய் வாங்கித் தந்தார். வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. அந்த இரண்டு மதிப்பெண்ணை நான் பல ஆண்டுகள் சுமந்தேன். பட்டியலில் இருந்த பிள்ளைகள் அறிவாளிகள், நான் அப்படியல்ல என்று உறுதியாக நம்பினேன். கல்லூரியில் திருகு அளவியைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. என்னை அளந்த அந்தத் தாளின் பிழை எவ்வளவு?

ஒரு நாடே எழுதிய தேர்வு

இக்கேள்வியை ஒரு நாடே கேட்டுப் பார்த்த வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பதினோரு வயதை ஒட்டி ஒரு தேர்வு எழுதினார்கள். அதற்கு "லெவன் பிளஸ்" என்று பெயர். கணக்கு, ஆங்கிலம், பொதுவான அறிவுத்திறன் ஆகியவற்றில் கேள்விகள் இருக்கும். தேறியவர்கள் "கிராமர்" பள்ளிகளுக்குப் போனார்கள். (பழங்காலத்தில் அங்கே லத்தீன் இலக்கணம் கற்பித்ததால் வந்த பெயர் அது.) பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலை அப்பள்ளிகளின் வழியாகத்தான் சென்றது. தேறாத பெரும்பாலோர் "செகண்டரி மாடர்ன்" என்ற பள்ளிகளுக்குப் போனார்கள். அவர்களில் மிகப் பலர் பதினைந்து வயதில் படிப்பை முடித்துக்கொண்டு வேலைக்குச் சென்றார்கள்.

பதினோரு வயதில் எழுதிய சில தாள்கள் வாழ்க்கையின் திசையையே முடிவு செய்தன என்றால், அந்த அளவி எவ்வளவு துல்லியமானது என்று தெரிய வேண்டும் அல்லவா? இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இதை ஆராய்ந்து 1957-இல் முடிவை வெளியிட்டது. அன்றிருந்த மிகச் சிறந்த முறைகளைப் பயன்படுத்தினாலும், நூற்றுக்குச் சுமார் பன்னிரண்டு பிள்ளைகள் தமக்குப் பொருந்தாத பள்ளிக்கு அனுப்பப்படுகிறார்கள் என்பது அந்தக் கணக்கு. கிராமர் பள்ளியில் நன்றாகப் படித்திருக்கக்கூடியவர்கள் வெளியே நின்றார்கள். அதே எண்ணிக்கையில் வேறு சிலர் உள்ளே போய்த் திணறினார்கள்.

தேர்வைத் தயாரித்தவர்கள் திறமையற்றவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் மிகுந்த கவனத்தோடு உழைத்தவர்கள். நல்ல அளவிக்கும் பிழை உண்டு என்பதே இதில் நாம் கற்கும் பாடம். 1965-இல் இங்கிலாந்து அரசு, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பொதுப் பள்ளி முறைக்கு மாறும்படி உள்ளாட்சி அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது. பெரும்பாலான ஊர்கள் மாறின. எனினும் 163 கிராமர் பள்ளிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. அவற்றில் சேர ஆண்டுதோறும் பிள்ளைகள் தேர்வு எழுதுகிறார்கள். லண்டன் புறநகர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

பிழையைக் கணக்கிடுவது எப்படி?

தேர்வின் பிழையைக் கணக்கிட ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது.

பிழை = பரவல் × √(1 − நம்பகம்)

பரவல் என்பது, மாணவர்களின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் எண். நம்பகம் என்றால் என்ன? அதே மாணவர்களுக்கு மறுநாள் அதே போன்ற இன்னொரு தாளைக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் மதிப்பெண்களும் முற்றிலும் ஒத்துப்போனால் நம்பகம் 1. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாவிட்டால் 0. நம்பகம் 0.9 இருந்தால் அது நல்ல தேர்வு.

பல நுழைவுத் தேர்வுகளில் சராசரி 100, பரவல் 15 என்று வருமாறு மதிப்பெண்களை மாற்றி அமைப்பது வழக்கம். நம்பகம் 0.9 என்று கொண்டு கணக்கிடுங்கள். 1 − 0.9 = 0.1. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.32. அதை 15-ஆல் பெருக்கினால் 4.7, அதாவது கிட்டத்தட்ட 5. நல்ல தேர்விலேயே பிழை ± 5 மதிப்பெண்!

தேர்ச்சிக் கோடு 120 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் 121 பெற்று உள்ளே போகிறாள். ஒரு பையன் 118 பெற்று வெளியே நிற்கிறான். இருவருக்கும் உள்ள வேறுபாடு 3. அளவியின் பிழையோ 5. அடுத்த வாரம் வேறொரு தாள் கொடுத்திருந்தால் இருவரும் இடம் மாறியிருக்கலாம். நூறு பெற்றவருக்கும் நூற்று நாற்பது பெற்றவருக்கும் உள்ள வேறுபாடு அப்படிப்பட்டதன்று, அது உண்மையானது. கோட்டின் அருகில் நிற்பவர்களைப் பிரிக்கும்போதுதான் அளவி தடுமாறுகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஒரே அளவான நான்கு காகிதத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் "சரி" என்று எழுதுங்கள். நான்கையும் ஒரே மாதிரி மடித்து, ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். குறித்துக்கொண்டு திரும்பப் போடுங்கள். இப்படி 20 முறை செய்யுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில், விடை தெரியாத 20 கேள்விகளுக்குக் குத்துமதிப்பாக விடையளிப்பதும் இதுவும் ஒன்றே.

சராசரியாக 5 முறை "சரி" வர வேண்டும். ஆனால் உங்களுக்கு 3 வரலாம். உங்கள் நண்பருக்கு 7 வரலாம். வகுப்பில் நாற்பது பேர் செய்தால், சுமார் முப்பத்திரண்டு பேருக்கு 3 முதல் 7 வரை வரும். நான்கு பேருக்கு 2 அல்லது அதற்கும் குறைவாகவும், நான்கு பேருக்கு 8 அல்லது அதற்கு மேலும் வரும். இவர்களில் யார் அறிவாளி? எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு துண்டு எடுத்தவர்கள்தாமே!

எட்டாம் வகுப்பில் நீங்கள் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வில் இரண்டு தாள்கள். தாளுக்கு 90 கேள்விகள். கேள்விக்கு நான்கு விடைகள். அங்கும் இந்தக் காகிதத் துண்டுகள் வேலை செய்யும். இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடமும் கிடைக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காத தேர்வில் எந்தக் கேள்வியையும் விடாதீர்கள். நான்கில் இரண்டு விடைகள் பொருந்தாது என்று தள்ளிவிட முடிந்தால், வாய்ப்பு கால் பங்கிலிருந்து அரைப் பங்காக உயர்ந்துவிடும்.

சுழிப்பிழை

இதுவரை பார்த்தது தற்செயலாக வரும் பிழை. சிலருக்குக் கூட்டும், சிலருக்குக் குறைக்கும். திருகு அளவியில் இன்னொரு வகைப் பிழையும் உண்டு. அதன் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடும்போது அது சுழியைக் காட்ட வேண்டும். சில அளவிகள் 0.03 என்று காட்டும். அந்த அளவியால் நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் பிழை போகாது. அதைத் தனியே கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும்.

தேர்விலும் சுழிப்பிழை உண்டு. இங்கிலாந்தில் பள்ளி ஆண்டு செப்டம்பர் முதல் தேதி தொடங்குகிறது. செப்டம்பர் தொடக்கத்தில் பிறந்தவளும் அடுத்த ஆகஸ்ட் இறுதியில் பிறந்தவனும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். தேர்வு நாளில் அவளுக்கு வயது பதினொன்று. அவனுக்கு இப்போதுதான் பத்து நிறைந்திருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு! ஆகவே அங்கே வயதுக்கு ஏற்ப மதிப்பெண்ணைத் திருத்தும் வழக்கம் இருக்கிறது. இது நாம் செய்யும் சுழித் திருத்தமே.

எல்லாச் சுழிப்பிழையையும் யாராவது தாமாகத் திருத்திவிடுவதில்லை. பர்மிங்ஹாம் நகரின் கிராமர் பள்ளிகளில் ஆண்டுக்குப் பையன்களுக்கு 540 இடங்களும் பெண்களுக்கு 360 இடங்களும் இருந்தன. அதனால் ஒரு பெண் உள்ளே போக, பையனைவிட அதிக மதிப்பெண் பெற வேண்டியிருந்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. இது பாரபட்சமே என்று 1989-இல் தீர்ப்பு வந்தது.

வீட்டில் பேசும் மொழி, தனிப்பயிற்சிக்குக் கொடுக்கப் பணம், உட்கார்ந்து படிக்க ஓர் அமைதியான மூலை ஆகியவையும் சுழிப்பிழைகளே. இவற்றைத் திருத்த எளிய சூத்திரம் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு படித்து 70 வாங்கியவளையும், மூன்று ஆசிரியர்களிடம் டியூஷன் படித்து 72 வாங்கியவனையும் ஒப்பிடும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் செய்த மாற்றம்

பிழை இருப்பது தெரிந்த பின் என்ன செய்யலாம்? தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரைப் பார்ப்போம். அங்கே தொடக்கப்பள்ளி முடிவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு பொதுத் தேர்வு எழுதுகிறார்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என்று நான்கு பாடங்கள். நம் தமிழ்ப் பிள்ளைகள் தாய்மொழிப் பாடமாகத் தமிழை எழுதுகிறார்கள். எந்த உயர்நிலைப் பள்ளியில் இடம் என்பதை அத்தேர்வே முடிவு செய்கிறது.

முன்பு, மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு மொத்த எண் கொடுத்தார்கள். 230 பெற்றவர் உள்ளே, 229 பெற்றவர் வெளியே என்று அந்த எண் பிரித்தது. மில்லிமீட்டர் கோடுகள் மட்டும் உள்ள அடிக்கோலால் அளந்துவிட்டு ஒரு மாணவர் 0.523 மில்லிமீட்டர் என்று எழுதினால், நான் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். அடிக்கோலின் மீச்சிற்றளவு ஒரு மில்லிமீட்டர். அதற்கு மேல் நுணுக்கம் காட்ட அதற்கு உரிமை இல்லை.

2021 முதல் சிங்கப்பூர் அந்த முறையைக் கைவிட்டது. இப்போது ஒவ்வொரு பாடத்திலும் 1 முதல் 8 வரை அடுக்குகள். 90-உம் அதற்கு மேலும் எல்லாம் முதல் அடுக்கு. 85 முதல் 89 வரை இரண்டாம் அடுக்கு. 65 முதல் 74 வரை ஐந்தாம் அடுக்கு. நான்கு பாடங்களின் அடுக்குகளையும் கூட்டினால் 4 முதல் 32 வரை ஓர் எண் கிடைக்கும். 4 மிகச் சிறந்தது. பலர் ஒரே எண்ணைப் பெறுவார்கள். ஒரு பள்ளியின் கடைசி இடத்துக்கு ஒரே எண்ணோடு பலர் போட்டியிட்டால், குடியுரிமையைப் பார்ப்பார்கள். பிறகு அப்பள்ளியை எத்தனையாவது விருப்பமாக எழுதினார்கள் என்று பார்ப்பார்கள். அதன் பிறகும் தீராவிட்டால் கணினிக் குலுக்கல்தான்.

குலுக்கலா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். யோசித்துப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வேறுபாட்டிலும் பெரும்பங்கு குலுக்கல்தானே? முன்பு அது மறைந்திருந்தது. இப்போது வெளிப்படையாகத் தெரிகிறது. இம்முறையிலும் 89-க்கும் 90-க்கும் நடுவே ஒரு கோடு இருக்கத்தான் செய்கிறது. கோடே இல்லாத முறை எங்கும் இல்லை. ஆனால் குலுக்கலில் தோற்ற பிள்ளை "நான் தாழ்ந்தவன்" என்று எண்ண வேண்டியதில்லை.

கோட்டுக்குக் கீழே நின்றவர்கள் என்ன ஆனார்கள்?

இனி, என்னைப் போன்றவர்களுக்கு நெஞ்சில் உறுத்தும் கேள்விக்கு வருவோம். இரண்டு மதிப்பெண்ணில் இடத்தை இழந்தவர் எவ்வளவு இழந்தார்?

இதற்கு விடை காண அந்தக் கோடே உதவுகிறது. கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர்களும் சற்றுக் கீழே நின்றவர்களும் ஏறத்தாழ ஒரே திறமை உள்ளவர்கள் என்று பார்த்தோம். ஒரு குழு பெயர்பெற்ற பள்ளிக்குப் போகிறது. மற்றது சாதாரணப் பள்ளிக்குப் போகிறது. சில ஆண்டுகள் கழித்து இரு குழுக்களையும் ஒப்பிட்டால், பள்ளி மட்டும் என்ன செய்தது என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க் ஆகிய நகரங்களில் கடுமையான நுழைவுத் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. பின்னாளில், 2021-இல், பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா ஆங்கிரிஸ்டும் அவருடன் பணியாற்றிய இருவரும் அப்பள்ளிகளை இப்படி ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். கோட்டின் இரு பக்கமும் நின்றவர்கள் பிறகு எழுதிய தேர்வுகளில் பெற்ற மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை! பெயர்பெற்ற பள்ளிக்குப் போனவர்கள் அங்கே போனதால் கூடுதலாகப் பெற்றது மிகக் குறைவு.

இதை மிகைப்படுத்திப் புரிந்துகொள்ளக் கூடாது. எந்தப் பள்ளியில் படித்தாலும் ஒன்றுதான் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஆசிரியரே இல்லாத பள்ளிக்கும் நல்ல பள்ளிக்கும் வேறுபாடு நிச்சயம் உண்டு. கோட்டின் அருகில் நின்றவர்களைப் பற்றி, அந்த நகரங்களின் பள்ளிகளைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. ஆனால் "இடம் கிடைக்கவில்லை, எல்லாம் போயிற்று" என்று அழும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

ஃபிளாஸ்கும் பாலும்

இது எப்படிச் சாத்தியம்? ஒரு ஃபிளாஸ்கில் கொதிக்கும் பாலை ஊற்றி மூடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஊற்றினால் ஆவி பறக்கும். ஃபிளாஸ்க் பாலைச் சூடாக்கியது என்று சொல்வீர்களா? மாட்டீர்கள். சூடாக உள்ளே போனது சூடாக வெளியே வந்தது. நல்ல மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் பள்ளி, "எங்கள் மாணவர்கள் எல்லாரும் நல்ல மதிப்பெண்" என்று விளம்பரப் பலகை வைத்தால், இந்த ஃபிளாஸ்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறிய பாலை வாங்கிச் சுட வைத்துத் தரும் அடுப்பு எது என்றுதான் நாம் தேட வேண்டும். இங்கிலாந்தில் 2016-இல், பதினோரு வயதில் இருந்த நிலையிலிருந்து பதினாறு வயதுக்குள் மாணவர் எவ்வளவு முன்னேறினார் என்று கணக்கிட்டு, பள்ளிதோறும் வெளியிடத் தொடங்கியது இதற்காகத்தான்.

பள்ளி பார்க்கப் பெற்றோருடன் போகும்போது நீங்களும் சில கேள்விகள் கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் தம் கையால் சோதனை செய்கிறார்களா, அல்லது அலமாரி பூட்டியே இருக்கிறதா? நூலகப் புத்தகம் வீட்டுக்குத் தருகிறார்களா? கணக்கில் பின்தங்கியவருக்கு யார், எப்போது சொல்லித் தருகிறார்? அங்கே படிக்கும் ஒரு மாணவரிடம், "புரியவில்லை என்று வகுப்பில் கை தூக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு விடை பல விளம்பரங்களுக்குச் சமம்.

தூரத்தையும் கணக்கிடுங்கள். போக ஒரு மணி, வர ஒரு மணி கூடுதலாக ஆகும் பள்ளி என்றால், ஆண்டுக்கு 200 வேலை நாட்களில் 400 மணி நேரம் பேருந்தில் போகிறது. நாளுக்கு எட்டு மணி என்று வைத்தால் அது ஐம்பது முழு நாட்கள்! அந்த ஐம்பது நாட்களுக்கு ஈடாக அப்பள்ளி எதைத் தருகிறது என்று கேட்பது நியாயமே.

தயாராவது எப்படி?

பிழை உண்டு என்பதற்காகப் படிக்காமல் இருந்துவிடலாமா? கூடவே கூடாது. கோட்டுக்கு வெகு மேலே நிற்பவரைத் தற்செயல் பிழை கீழே தள்ளாது. ஆனால் உழைப்பது சரியான முறையில் இருக்க வேண்டும். மூன்று செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, இடைவெளி விட்டுப் படியுங்கள். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. ஒரு நாளுக்குப் பின் மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சியது. ஒரே நாளில் பல முறை திரும்பச் சொல்வதைவிட, பல நாட்களில் பிரித்துச் சொல்வது நன்கு நிலைக்கிறது என்பதையும் அவரே கண்டார். தேர்வுக்கு முந்தின இரவு ஆறு மணி நேரம் படிப்பதைவிட, இரண்டு வாரத்தில் ஆறு நாள் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது மேல்.

இரண்டாவது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூருங்கள். 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை இரு முறை படித்தது. மற்றொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, நினைவிலிருந்ததைத் தாளில் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரு முறை படித்தவர்கள் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து? இரு முறை படித்தவர்கள் 42. எழுதிப் பார்த்தவர்கள் 56! திரும்பத் திரும்ப வாசிப்பது "எல்லாம் தெரியும்" என்ற நினைப்பைத் தருகிறது. மூடிவிட்டு எழுதுவதுதான் அறிவைத் தருகிறது.

மூன்றாவது, கணக்குகளைக் கலந்து போடுங்கள். டக் ரோரர், கெல்லி டெய்லர் என்பவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் காணும் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகைவாரியாகவும், மற்றொரு குழுவுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவாரிக் குழு 89 விழுக்காடும், கலப்புக் குழு 60 விழுக்காடும் சரியாகச் செய்தன. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் வகைவாரிக் குழு 20. கலப்புக் குழு 63. காரணம் எளிது. வகைவாரியாகப் போடும்போது எந்தச் சூத்திரம் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. தேர்விலோ அதை யோசிப்பதுதான் பாதி வேலை. பயிற்சியில் தவறு கூடுகிறதே என்று கலங்காதீர்கள். அங்கேதான் கற்றல் நடக்கிறது.

இம்மூன்றுக்கும் காசு வேண்டாம். ஒரு பழைய நோட்டும் ஒரு பென்சிலும் போதும்.

கடைசியாக ஒன்று

முடிவு வரும் நாளில் இந்தக் கட்டுரையை நினைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ± 5 என்று எழுதுங்கள். இடம் கிடைத்திருந்தால், மயிரிழையில் வெளியே நின்ற நண்பரை இளக்காரமாகப் பார்க்க மாட்டீர்கள். கிடைக்காவிட்டால், எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் அங்கே முதல் நாளே நூலகம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். ஆறாம் வகுப்பில் எங்கள் அறிவியல் ஆசிரியர் ஒரு நாள் மேசைமேல் லென்ஸ் ஒன்றை வைத்து, சன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைச் சுவரில் தலைகீழாகக் காட்டினார். அன்று தொடங்கியதுதான் என் இயற்பியல்.

அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையோடு பட்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மிட்டாய் வாங்கித் தாருங்கள். கூடவே பேசவும் செய்யுங்கள். "அந்தத் தாள் உன்னை ஒரு முறைதான் அளந்தது" என்று சொன்னால் போதும்.

காகிதத் துண்டுச் சோதனையை உங்கள் வகுப்பில் எல்லோருமாகச் செய்து, யாருக்கு எத்தனை வந்தது என்று கரும்பலகையில் வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் அந்த வடிவத்தை ஒரு முறை கண்ணால் பார்த்தவர், ஒரு மதிப்பெண்ணுக்காக யாரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ மாட்டார்.